அழுதவளோடு அமர்ந்து அழுத பெண்மணி

(பாளையங்கோட்டையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், தோழியர் அனைவர் மீதும் என்றென்றும் நிலவுவதாக! ஆமீன்.



ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குத் துணையாக நிற்பதைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் இந்தச் சபையில் இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணலாம். அதற்குக் காரணம் உண்டு. அதை இறுதியில் கூறுகிறேன். அதுவரை பொறுமையோடு செவிதாழ்த்த வேண்டுகிறேன்.

பெயர் கூறப்படாத அன்ஸாரிப் பெண்

பனூ முஸ்தலிக் போரிலிருந்து முஸ்லிம்களின் படை மதீனாவுக்குத் திரும்பிக் கொண்டிருந்தது. வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்தணி தொலைந்து போயிற்று. அதைத் தேடிச் சென்ற அன்னையார் திரும்பி வருவதற்குள் படை புறப்பட்டுவிட்டது. தனித்து நின்ற அவர்களைப் பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தமது ஒட்டகத்தில் ஏற்றி, கண்ணியத்துடன் அழைத்து வந்து சேர்த்தார்கள். நடந்தது இவ்வளவே. ஆனால் நயவஞ்சகர்கள் அதற்குக் கையும் காலும் வைத்தார்கள். ஒரு மாத காலம் மதீனாவின் வீதிகளில் அந்த அவதூறு உலவியது.

செய்தி அன்னையாரின் செவிக்கு எட்டியபோது அவர்கள் தம் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு இரவுகளும் ஒரு பகலும் கண்ணீர் நிற்கவில்லை; உறக்கமும் வரவில்லை. ஈரலே பிளந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். தந்தை அபூபக்ர் (ரலி) அவர்களும் தாய் உம்மு ரூமான் (ரலி) அவர்களும் அருகில் அமர்ந்திருந்தார்கள். அவ்வேளையில் அன்ஸாரிகளைச் சேர்ந்த ஒரு பெண்மணி வாசலில் நின்று, உள்ளே வர அனுமதி கேட்டார். அன்னையார் அனுமதி அளித்தார்கள். அவர் வந்தார், அன்னையாருடன் அமர்ந்தார், அவரும் அழத் தொடங்கினார். ஸஹீஹுல் புகாரியில் அன்னையாரே இதை அறிவிக்கிறார்கள்.

சகோதரர்களே! அப்பெண்மணி என்ன ஆறுதல் கூறினார்? ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை. அவருடைய பெயர் என்ன? அதுவும் அந்த ஹதீஸில் கூறப்படவில்லை. ஊர் முழுவதும் ஒரு பெண்ணைப் பற்றிக் குசுகுசுத்துக் கொண்டிருந்தபோது, 'என்ன நடந்தது?' என்று கேட்டறிய அவர் வரவில்லை. கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லவும் வரவில்லை. அழுபவளைத் தனியே அழவிடக் கூடாது என்பதற்காக மட்டுமே வந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அந்தத் துன்ப நாள்களை எடுத்துரைத்தபோதும் அன்னையார் அந்த ஒரு பெண்ணின் வருகையை விட்டுவிடாமல் சொன்னார்கள் என்றால், அந்தக் கண்ணீரின் மதிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்!

போட்டி இருந்தும் பொய்யுரைக்காத நாவு

அதே நிகழ்ச்சியில் மேலும் இரண்டு பெண்களைக் காண்கிறோம். அன்னையாரின் பணிப்பெண் பரீரா (ரலி) அவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். வீட்டுக்குள் இருப்பதை எல்லாம் அறிந்தவர் பணிப்பெண் அல்லவா? அவர் சொன்ன ஒரே குறை, ஆயிஷா வயதில் இளையவர். பிசைந்து வைத்த மாவை மறந்து உறங்கிவிடுவார். வீட்டு ஆடு வந்து அதைத் தின்றுவிடும் என்பதுதான்.

மற்றொருவர் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். இவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியரே. நபியவர்களின் அன்பில் தமக்கு நிகராகப் போட்டியிட்டவர் ஜைனபே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே கூறியுள்ளார்கள். போட்டியாளரை வீழ்த்த இதைவிடத் தக்க வாய்ப்பு வேறு கிடைக்குமா? ஜைனபின் சொந்தச் சகோதரியே அவதூறு பரப்பியோருடன் சேர்ந்து கொண்டிருந்தார். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டபோது, தம் செவியையும் கண்ணையும் பொய்யிலிருந்து காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவிடம் நன்மையைத் தவிர வேறெதையும் தாம் அறியவில்லை என்றும் அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். பேணுதலால் அல்லாஹ் ஜைனபைக் காப்பாற்றினான் என்று பின்னாளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்கள்.

ஒருத்தி உடன் அழுதாள். ஒருத்தி உண்மை சொன்னாள். ஒருத்தி போட்டியை மறந்து மானத்தைக் காத்தாள். பெண்ணுக்குப் பெண் துணை என்பதன் முழு இலக்கணமும் இந்த மூவரிடம் இருக்கிறது.

அந்நூர் அத்தியாயத்தில் அல்லாஹ் அன்னையாரின் தூய்மையை அறிவித்தபோது, அவதூறைக் கேட்ட மாத்திரத்தில் முஃமினான ஆண்களும் பெண்களும் தம்மவரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று கேட்கிறான். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினோராவது வசனத்தில், ஆண்கள் ஆண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்று கூறியதோடு நிறுத்தாமல், பெண்கள் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம். பரிகசிக்கப்படுபவர்கள் அவர்களைவிடச் சிறந்தவர்களாக இருக்கக்கூடும் என்று பெண்களைத் தனியே விளித்து எச்சரிக்கிறான். பெண்ணின் நாவு பெண்ணைக் காக்கவும் வல்லது. அழிக்கவும் வல்லது என்பதைப் படைத்தவன் அறிவான்.

அடுத்த வீட்டு அடுப்பு

கண்ணியமானவர்களே! பெருந்துன்பத்தில் மட்டுமன்று, அன்றாட வேலையிலும் அந்தச் சமுதாயத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மூத்த மகள் அஸ்மா (ரலி) அவர்களை ஜுபைர் (ரலி) அவர்கள் மணந்தபோது, அவ்வீட்டில் ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிரச் சொத்து என்று சொல்ல எதுவும் இல்லை. குதிரைக்குத் தீனி போடுவதும், தண்ணீர் இறைப்பதும், கிழிந்த தோல்வாளியைத் தைப்பதும், தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவதும் அஸ்மாவின் வேலை. மாவு பிசைவார்கள், ஆனால் நன்றாக ரொட்டி சுட அவர்களுக்கு வராது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் அவருக்காக ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். அப்பெண்கள் வாய்மை மிக்கவர்கள் என்று அஸ்மா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்ததும் புகாரியில் பதிவாகி இருக்கிறது.

மக்காவிலிருந்து வந்த மருமகளுக்கு ரொட்டி சுடத் தெரியவில்லை! இன்று நம் தெருவில் என்றால் அது எத்தனை திண்ணைகளில் பேசப்பட்டிருக்கும்? 'இன்னார் மகளாம், ரொட்டி சுடத் தெரியாதாம்' என்ற பேச்சு மஃரிபுக்குள் ஊரைச் சுற்றி வந்திருக்கும். அன்ஸாரிப் பெண்களோ அடுப்பை மூட்டினார்கள்.

அண்டை வீட்டாருக்கு ஓர் ஆட்டின் குளம்பைக் கொடுப்பதாயினும் அதை அற்பமாகக் கருத வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் பெண்களை விளித்தே ஆகும். பொருளின் அளவு முக்கியமன்று. கொடுப்பவளுக்கும் வாங்குபவளுக்கும் இடையே திறந்திருக்கும் வாசலே முக்கியம்.

நம் பக்கத்து மேலப்பாளையத்துத் தெருக்களில் இந்தப் பண்பு இன்னும் மடிந்துவிடவில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையும் தூளுமாய்ப் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. கை நின்றால் கூலியும் நின்றுவிடும். ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டால், அவளுடைய தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவள் கணக்கை முடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அந்தத் தொழில் உடலுக்குக் கேடு. அதிலிருந்து நம் பெண்கள் விடுபட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் இருந்த தோழமை போய்விடக் கூடாது. அதை அடுத்து வரும் தொழிலுக்கும் அவர்கள் எடுத்துச் செல்ல வேண்டும்.

எழுத்துக் கற்பித்தவர்

இனி கல்விக்கு வருவோம். ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி எழுதப் படிக்கத் தெரிந்தவர். எழுத்தறிந்த ஆண்களே விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த காலம் அது. இவர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார். எழுத்தைக் கற்பித்ததைப் போலவே ஓதிப்பார்க்கும் ஒரு மருத்துவ முறையையும் ஹஃப்ஸாவுக்குக் கற்றுக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் கூறியதை அபூதாவூதில் காண்கிறோம்.

இதன் விளைவு எங்கே சென்று முடிந்தது தெரியுமா? அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் திரட்டப்பட்ட குர்ஆன் ஏடுகள், உமர் (ரலி) அவர்களுக்குப் பின் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே பாதுகாப்பாக இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுத்து நாடுகளுக்கு அனுப்ப முற்பட்டபோது, அந்த ஏடுகளை அன்னையாரிடமிருந்தே கேட்டு வாங்கினார்கள். ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு எழுத்தைக் கற்பித்தாள். எழுத்தின் அருமை அறிந்த அந்தக் கைகளிடமே இறைவேதத்தின் ஏடுகள் அடைக்கலமாயின.

ஆண்கள் எங்களை முந்திக்கொள்கிறார்கள். எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று பெண்கள் கூடிக் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாளை வாக்களித்து அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். பெருநாள் திடலுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று கட்டளையிட்டபோது, எங்களில் ஒருத்திக்கு மேலாடை இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. அவளுடைய தோழி தன் மேலாடையை அவளுக்கு அணியக் கொடுக்கட்டும் என்பதே பெருமானாரின் விடை. மேலாடை இல்லாதவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. இருப்பவள் இல்லாதவளையும் உடன் அழைத்து வர வேண்டும் என்றார்கள். பெண்ணுக்குப் பெண் செய்ய வேண்டிய உதவியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

நம் ஊரில் ஒரு பெயர்

சகோதரர்களே! தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நம் பாளையங்கோட்டையைப் பெருமையாகச் சொல்கிறோம். இங்கே ஸாரா டக்கர் கல்லூரியின் பெயரை அறியாதவர் இல்லை. அந்த ஸாரா டக்கர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவர் இங்கிலாந்தில் வாழ்ந்த, உடல் ஊனமுற்ற ஒரு பெண்மணி. இந்த மண்ணை அவர் மிதித்ததே இல்லை. சென்னையில் பணியாற்றிய தம் சகோதரர் மூலம் இங்குள்ள பெண்களின் எழுத்தறியாத நிலையை அறிந்து, அவர்களின் கல்விக்காகப் பாடுபட்டார். அவர் மறைந்த பின் அவருடைய தோழியர் நிதி திரட்டினார்கள். பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி அவர் பெயரால் இங்கே எழுந்தது. 1895இல் அது கல்லூரியாக வளர்ந்தது. அவர்கள் தம் சமயப் பணியின் பகுதியாக அதைச் செய்தார்கள் என்பது நாம் அறிந்ததே. ஆயினும் நன்மையை நன்மை என்று ஒப்புக்கொள்வதே நீதி. இன்று எல்லாச் சமயத்துப் பெண்களும் அந்த வாசலில் நுழைந்து படித்து வெளிவருகிறார்கள். காணாத ஊரின் பெண்ணுக்காக ஒருத்தி கவலைப்பட்டாள் என்றால், கண்ணெதிரே இருக்கும் நம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக நாம் எவ்வளவு கவலைப்பட வேண்டும்!

மற்றொரு சான்றைக் கேளுங்கள். 1937இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அன்னா சாண்டி என்ற பெண்மணி முன்சீபாக நியமிக்கப்பட்டு, இந்தியாவின் முதல் பெண் நீதிபதி என்று பெயர் பெற்றார். அதே சமஸ்தானத்துப் பத்தனம்திட்டையில் மீரா சாகிபு என்ற தந்தையார் அவரைக் கண்டு வியந்து, தம் மகளும் சட்டம் படிக்கட்டும் என்று முடிவு செய்தார். அந்த மகள்தான் ஃபாத்திமா பீவி. 1989இல் அவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். 2023 நவம்பரில் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒருத்தி முன்னே நடந்தாள். அவள் நடந்த தடத்தில் இன்னொருத்தி இன்னும் மேலே ஏறினாள். இடையில், தடுக்காத ஒரு தந்தை இருந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கடிதம் படித்துக் கொடுத்தவர்

பெரியவர்களின் வரலாறு இருக்கட்டும். என் சொந்தத் தெருவில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

1970களின் இறுதியில் என் தந்தையார் சவூதியில் வேலை செய்து வந்தார். கடிதம் வரும். என் உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்மணி ஒருவர் இருந்தார். உம்மா அவரை 'ராத்தா' என்பார். பிள்ளைகள் நாங்கள் 'பெரியம்மா' என்போம். தெருவிலிருந்த பல வீட்டுக் கடிதங்களையும் அவரே படித்துக் கொடுப்பார். பதிலும் எழுதிக் கொடுப்பார். எந்தக் கணவன் கடன் வாங்கினான், எவன் மனைவியிடம் கோபித்துக்கொண்டான், எந்த வீட்டில் பணம் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டின் செய்தி அவர் வாயிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சென்றதில்லை. கடிதத்தை மடித்துக் கையில் கொடுக்கும்போதே அதை மறந்துவிடுவார்.

ஒருமுறை ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தில் அக்குடும்பத் தலைவரின் மரணச் செய்தி இருந்தது. பெரியம்மா அதை வாசலில் வைத்துப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துச் சென்று, அருகில் அமர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடியும் வரை ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் அவ்வீட்டுக்குச் சென்று வந்தார். விதவையின் முகத்தில் விழிக்கக் கூடாது என்ற அறியாமை சிலரிடம் இருந்த காலம் அது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

என் மூத்த சகோதரி ஐந்தாம் வகுப்பை முடித்ததும் பீடித் தட்டில் உட்கார வைக்க வீட்டில் முடிவாயிற்று. அதை அறிந்த பெரியம்மா உம்மாவிடம் வந்தார். "உனக்கு வரும் கடிதத்தை நான் படித்தேன். உன் மகளுக்கு வரும் கடிதத்தையாவது அவளே படிக்கட்டும்" என்றார். உம்மா அன்று இரவெல்லாம் உறங்கவில்லை. மறுநாள் அக்காவின் புத்தகப் பை திரும்பவும் ஆணியில் மாட்டப்பட்டது. அக்கா கல்லூரி வரை படித்து ஆசிரியையானார். இன்று ஓய்வு பெற்ற பின்பும் அதே தெருவில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். பெரியம்மா மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அவர் சொன்ன அந்த ஒரு சொல் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்குக் கூலி சேர்த்துக் கொண்டிருக்கிறது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மாமியாரும் முன்னாள் மருமகளே

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெண்ணின் கண்ணீருக்குப் பெரும்பாலும் யார் காரணம்? ஆண்களாகிய நம் குற்றத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் கைக்கூலிப் பேச்சில் நகையின் பவுனைக் கணக்கிடுவது யார்? சீர் குறைந்தது என்று முதலில் முகம் சுளிப்பது யார்? மூன்றாவதும் பெண் குழந்தையா என்று பேறுகாலப் படுக்கையிலேயே பெருமூச்சு விடுவது யார்?

மஹரை மனமுவந்து பெண்ணுக்குக் கொடுங்கள் என்று அந்நிஸா அத்தியாயம் ஆணுக்குக் கட்டளையிடுகிறது. நாமோ பெண்ணிடம் வாங்குகிறோம். வாங்குமாறு மகனுக்குச் சொல்லும் தாயும் ஒரு காலத்தில் தன் தந்தை கடன்பட்டதைக் கண்டு அழுத மகள்தானே!

அன்புத் தாயே! நீங்கள் பட்ட துன்பம் உண்மை. உங்கள் மாமியார் உங்களைச் சொல்லால் சுட்டிருக்கலாம். அந்தச் சூட்டை மருமகளுக்குக் கை மாற்றிக் கொடுப்பதா, உங்களோடு அதை அணைத்துவிடுவதா என்பதுதான் கேள்வி. தாமிரபரணியின் நீர் பாளையங்கால்வாய் வழியே வருகிறது. மேல்மடைக்காரர் தம் வயல் நிறைந்ததும் மடையைத் திறந்துவிட்டால் கடைமடை வரை பயிர் விளையும். நான் பட்டினி கிடந்த ஆண்டில் எவரும் எனக்குத் தண்ணீர் விடவில்லை என்று சொல்லி ஒருவர் மடையை அடைத்துக்கொண்டால், பழி தீர்வதில்லை, பயிர்தான் கருகுகிறது. உங்களுக்குக் கிடைக்காத பரிவை உங்கள் மருமகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் முதுமையில் அது உங்களிடமே திரும்பி வரும், இன்ஷா அல்லாஹ்.

இறுதிக் குளிப்பு வரை

இந்தத் துணை பிறப்பில் தொடங்குகிறது. பிள்ளையைக் கையில் ஏந்திய மருத்துவச்சியும், குர்ஆனின் முதல் எழுத்தை ஓதிக் கொடுத்த அம்மாவும், நிகாஹ் நாளில் தலை சீவிவிட்ட தோழியும் பெண்களே. மரணத்தோடும் அது முடிவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகள் ஜைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோது, குளிப்பாட்டியவர்களில் உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் ஒருவர். ஒற்றைப்படையாகக் குளிப்பாட்டுங்கள், இறுதியில் கற்பூரம் சேருங்கள் என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள்; தமது கீழாடையையே மகளின் உடலைச் சுற்றக் கொடுத்தார்கள். அப்பெண்கள் மகளாரின் கூந்தலை மூன்று சடைகளாகப் பின்னிவிட்டார்கள். இந்தச் செய்தியை உம்மு அதிய்யாவிடமிருந்து கேட்டு அறிவித்தவர்களில் ஹஃப்ஸா பின்த் ஸீரீன் என்ற அடுத்த தலைமுறைப் பெண் அறிஞரும் ஒருவர்.

உயிரற்ற உடலின் கூந்தலைக்கூட அவிழ்ந்து கிடக்க விடவில்லை அந்தத் தோழியர். உயிரோடு இருக்கும் பெண்ணின் மானத்தை நாம் அவிழ்த்துவிடலாமா?

ஆண்களுக்கு ஒரு சொல்

தொடக்கத்தில் ஒரு காரணத்தைக் கூறுவதாகச் சொன்னேன். அதை இப்போது சொல்கிறேன். அதில் என் குற்றமும் அடங்கி இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாவில் கணவன் மனைவி பிணக்கு விசாரணைக்கு வந்தது. ஒன்பது ஆண்கள் அமர்ந்திருந்தோம், நானும் ஒருவன். எதிரே ஓர் இளம்பெண் தலை குனிந்து நின்றாள். உனக்கு என்ன குறை என்று கேட்டோம். அவள் வாய் திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டோம், கண்ணீர்தான் வந்தது. சொல்வதற்குக் குறை ஒன்றும் இல்லை போலும் என்று எண்ணி, கணவன் வீட்டுக்குச் செல்லுமாறு முடிவு எழுதினோம். நான்கு நாள்கள் கழித்து, அவளுக்குச் சிறுவயதில் குர்ஆன் ஓதிக் கொடுத்த முதிய பெண்மணி என் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் எல்லாவற்றையும் கூறினார். அந்தப் பெண்ணின் முதுகில் சூடு வைத்த தழும்பு இருந்தது. ஒன்பது ஆண்களுக்கு நடுவே அவள் அதை எப்படிக் காட்டுவாள்? எப்படிச் சொல்வாள்? நாங்கள் கேள்வி கேட்டோம். பதில் சொல்ல முடியாத இடத்தில் அவளை நிறுத்திவிட்டுக் கேட்டோம். பிறகு முடிவைத் திருத்தி எழுதினோம். ஆனால் அந்த நான்கு நாள்களுக்கு நாளை மறுமையில் நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அழுதுகொண்டிருந்த வீட்டில், வந்த பெண்மணிக்கு வாசல் அடைக்கப்படவில்லை. சகோதரர்களே! அந்த வாசல் இன்று நம் கையில் இருக்கிறது. 'அவள் வீட்டுக்குப் போகாதே', 'அந்தப் பெண்ணோடு பேசாதே', 'நமக்கு எதற்கு வம்பு' என்று சொல்லி, ஒருத்தியிடம் ஒருத்தி சென்று சேர முடியாமல் நாமே தாழ்ப்பாள் போடுகிறோம். தாழ்ப்பாளை நீக்குங்கள். இந்தச் சபையில் இந்தப் பேச்சைப் பேசியது அதற்காகவே.

ஜமாஅத்துப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெண் சம்பந்தப்பட்ட எந்த விசாரணையிலும், முதலில் அவள் நம்பும் இரண்டு முதிய பெண்கள் தனியே அமர்ந்து அவள் சொல்வதைக் கேட்கட்டும், அதன் பின் நீங்கள் அமருங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் பெண்கள் கூடி ஓதவும் கற்கவும் ஓர் இடமும் ஒரு நாளும் ஒதுக்கிக் கொடுங்கள். அன்று பெண்கள் கேட்டதும் அதுதான். நபியவர்கள் கொடுத்ததும் அதுதான்.

சகோதரிகளே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரத்துக்குள் ஒரே ஒரு வாசலுக்குச் செல்லுங்கள். தலாக் ஆகித் தாய்வீடு திரும்பிய பெண்ணாக இருக்கலாம். பிள்ளையில்லை என்ற ஏச்சைக் கேட்பவளாக இருக்கலாம். வேறு சமயத்துப் பக்கத்து வீட்டுக்காரியாகவும் இருக்கலாம். என்ன நடந்தது என்று துருவிக் கேட்காதீர்கள். அறிவுரை கூறாதீர்கள். அருகில் அமருங்கள். அவள் சொன்னால் கேளுங்கள். கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். படித்தவராக இருந்தால் படிக்காத ஒருத்தியின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். இரண்டு மேலாடை உள்ளவர் ஒன்றைக் கொடுங்கள். எதுவும் இல்லாதவர் கண்ணீரையாவது கொடுங்கள். மதீனாவின் அந்தப் பெண்மணி கொடுத்தது அதைத்தான்.

அவர் பெயரை உலகம் அறியவில்லை. அல்லாஹ் அறிவான். அவனிடம் பதிவாகிவிட்டவருக்கு வேறு எவரிடமும் பெயர் இருக்க வேண்டியதில்லை.

யா அல்லாஹ்! முஃமினான ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் உற்ற துணைவர்கள் என்று உன் வேதத்தில் அறிவித்தாய். எங்கள் வீடுகளை அத்தகைய வீடுகளாக ஆக்குவாயாக! எங்கள் பெண்களின் நாவுகளை ஒருவர் மற்றவரின் மானத்தைக் காக்கும் நாவுகளாக ஆக்குவாயாக! எங்கள் தாய்மார்களுக்கும், எங்களுக்கு ஓதிக் கொடுத்தோருக்கும், துன்ப நாளில் எங்கள் வாசலுக்கு வந்தோருக்கும் உன் சுவனத்தை அருள்வாயாக! எங்கள் தவறான தீர்ப்புகளை மன்னித்து, அவற்றால் நொந்த உள்ளங்களுக்கு நீயே ஆறுதலாவாயாக!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.